எல் நினோ என்ற பெயரை மட்டும் சொல்லாதீர்கள்: பருவக் கணிப்பு சொல்பவர்களுக்கு வெருலத்திலிருந்து ஒரு மடல்

பருவமழைக் கணிப்பை எழுதும் ஆய்வாளர்களுக்கும், அதை வானொலியிலும் விவசாயிகள் கூட்டத்திலும் கடன் கொடுக்கும் மேசையிலும் எங்களுக்கு எடுத்துச் சொல்பவர்களுக்கும் வணக்கம்.

நான் டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கத்தில் இருக்கிறேன். நான்கு ஏக்கர் நிலம். அதில் பாதி கரும்பு, மீதியில் பீன்ஸ், கத்தரி, மிளகாய், அப்புறம் மதும்பி. மதும்பி என்றால் நம் சேப்பங்கிழங்குதான், பெயரை மட்டும் சுலு மொழியிலிருந்து எடுத்துக்கொண்டோம். டர்பனில் வார்விக் பக்கத்து அதிகாலைச் சந்தைக்கு அப்பா நாற்பது வருடம் காய் ஏற்றிப் போனார், இப்போது நான் போகிறேன். இதே மடலை ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். தமிழில் ஏன் என்றால், கோயில் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்ற தமிழ் என்னிடம் மிச்சமிருக்கிறது, அதில்தான் இந்த விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வருகிறது. வானத்தைப் பார்த்து விதைக்கிற தமிழர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதில் பங்குண்டு.

சொல்ல வந்தது இதுதான். எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), லா நினா (அது வழக்கத்தைவிடக் குளிர்வது) என்று பெயரை மட்டும் எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் வாய்ப்புக் கணக்கைக் கொடுங்கள். முந்தைய வருடங்களில் எங்கள் கடற்கரையில் அந்தக் கணக்கு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

1997 செப்டம்பரில் வானொலியைத் திறந்தால் எல் நினோ, செய்தித்தாளைப் பிரித்தால் எல் நினோ. பசிபிக் பெருங்கடல் அப்படிக் கொதித்தது உண்மை, 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் அதுவும் ஒன்று. அப்பா அந்த வருடம் ஒன்றரை ஏக்கரில் மதும்பி போடுவதாக இருந்தார், விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் கடன் கேட்டார். கடன் தருபவர்கள் "இந்த வருடம் வறட்சி, எல் நினோ வந்துவிட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவும் நம்பினார், நம்பாமல் இருக்க என்ன காரணம்? நிலத்தைச் சும்மா போட்டார், முற்றாத கரும்பை முன்கூட்டியே வெட்டி அனுப்பினார், குழாய் போட்டுக் கிணறு இறக்கலாமா என்று மாமாவிடம் யோசனை கேட்டார். அப்புறம் மழை வந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை, வழக்கம் போல வந்தது. தென்னாப்பிரிக்காவின் பெரும்பகுதியில் அந்தக் கோடையின் மழை சராசரியை ஒட்டியே இருந்தது. ஜிம்பாப்வேயிலும் இதே கதைதான், வறட்சி வரும் என்று பயந்து விவசாயக் கடனைச் சுருக்கினார்கள், விதைத்த பரப்பு குறைந்தது. எங்கள் வீட்டில் அந்த வருடம் அம்மா இரண்டு வளையலை விற்றார். மழை பெய்யும்போது வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பதினெட்டு வருடம் கழித்து 2015இல் அதே பெயர் மறுபடி வந்தது. அப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, ஆனால் நிலத்தில் முடிவு அவருடையதுதான். "அந்தப் பெயரை நான் ஏற்கெனவே கேட்டாச்சு" என்றார். கரும்பு போக மீதி நிலம் முழுவதிலும் மதும்பி ஊன்றினார், கரும்பை அடுத்த பருவத்துக்கு நிறுத்திவைத்தார். மழை வரவில்லை. தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான சராசரி மழை அந்த ஆண்டு 403 மில்லிமீட்டர், 1904இலிருந்து வைத்திருக்கும் கணக்கில் அதைவிட வறண்ட ஆண்டு அதுவரை இல்லை. ஹேசல்மியர் அணை இறங்கிக்கொண்டே போனது, எங்கள் பக்கத்துக் குழாய்களில் நீர் முறை வைத்து வந்தது. மதும்பி இலை குடை மாதிரி விரியவேண்டிய நேரத்தில் சுருண்டு கிடந்தது. நிறுத்திவைத்த கரும்பில் எல்டானா துளைப்பான் ஏறியது. நீர் இல்லாமல் வாடிய கரும்பைத்தான் அந்தப் புழு தேடி வரும், இது இந்தக் கரையில் கரும்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வறட்சி வரும் என்று நம்பியிருந்தால் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, கரும்பை வயதேற விடாமல் முன்கூட்டியே வெட்டுவதுதான். 1997இல் தேவையில்லாமல் அதைச் செய்தோம், 2015இல் தேவைப்பட்டபோது செய்யவில்லை.

முதல் தடவை நம்பி நஷ்டம், இரண்டாம் தடவை நம்பாமல் நஷ்டம். அப்பா ஏமாளி இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. இரண்டு தடவையும் அவரிடம் வந்து சேர்ந்தது வெறும் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு ஒன்று இருந்தது என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அது வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, ஒவ்வொரு கையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, கடைசியில் எங்களிடம் வந்தபோது "வறட்சி" என்ற ஒரு சொல்லாக இருந்தது.

நீங்கள் எழுதும் முறை இப்போது எனக்குப் பழகிவிட்டது. முப்பது வருட மழையைக் குறைவிலிருந்து கூடுதல் வரை வரிசையாக அடுக்கி மூன்று கூறு போடுகிறீர்கள், பத்து வறண்ட வருடம், பத்து நடுத்தரம், பத்து ஈரமானது. ஒன்றும் தெரியாதபோது ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 33 வாய்ப்பு. கடலைப் பார்த்தபின் வறண்ட கூறுக்கு 45, நடுவுக்கு 30, ஈரத்துக்கு 25 என்று மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் வறட்சி முன்னால் நிற்கிறது, சரி. ஆனால் வறண்ட கூறுக்கு வெளியே விழ நூற்றுக்கு 55 இருக்கிறது! வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பழுப்பு வண்ணம் பூசியதும் அந்த 55 கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பார்ப்பவன் "பழுப்பு, அப்படியானால் மழை இல்லை" என்றுதான் படிக்கிறான், கடன் மேசையில் இருப்பவரும் அப்படியே படிக்கிறார்.

"விவசாயிகளுக்கு வாய்ப்புக் கணக்கு புரியாது, அதனால் எளிமையாகச் சொல்கிறோம்" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார். அது எனக்கு உண்மையில் வலித்தது. டர்பன் தமிழர் வீடுகளில் சனிக்கிழமை இரவு என்ன நடக்கிறது என்று வந்து பாருங்கள், துனி ஆடாத வீடு எது? தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 304 என்று ஆடுவதன் தம்பிதான் எங்கள் துனி. ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. ஆளுக்கு நாலு சீட்டு போடுவார்கள், அந்த நாலை மட்டும் பார்த்துத் துருப்புக்குக் கேள்வி வைக்க வேண்டும், மீதி இரண்டு சீட்டு அப்புறம்தான் வரும். கையில் ஜாக்கும் ஒன்பதும் இருந்தும் தோற்றிருக்கிறோம், ஒன்றுமில்லாத கையோடு ஜெயித்திருக்கிறோம். அதற்காக ஜாக் பலமான சீட்டு இல்லை என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. என் ஆயா ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாதவர், எதிராளி என்ன வைத்திருக்கலாம் என்பதை அவரைப் போல மனதில் கணக்குப் போடுபவரை நான் பார்த்ததில்லை. நூற்றுக்கு 45 என்பது இந்த மக்களுக்கு எப்படிப் புரியாமல் போகும்? எவ்வளவு பணத்தை எவ்வளவு வாய்ப்பின் மேல் வைப்பது என்பதுதானே ஒவ்வொரு செப்டம்பரும் நாங்கள் எடுக்கும் முடிவு.

நாலு சீட்டு, ஆறு சீட்டு என்பது இன்னொரு விஷயத்துக்கும் பொருந்தும். எங்கள் இலையுதிர் காலத்தில், மார்ச்சிலிருந்து மே வரை, பசிபிக்கைப் பற்றிச் சொல்லும் கணிப்பு பலவீனமானது. வடக்கே அது வசந்தம், அதனால் ஆய்வாளர்கள் இதை வசந்தத் தடை என்கிறார்கள். கடலும் காற்றும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடி அந்த மாதங்களில் தளர்ந்திருக்கும், ஒரு சிறு காற்றுச் சுழற்சி கூட ஆண்டின் போக்கையே மாற்றிவிடும். 2014இன் தொடக்கத்தில் வெப்பநீர் பெரும் அலையாகப் பசிபிக்கின் அடியில் கிழக்கு நோக்கிப் போனது, பேரளவு எல் நினோ வருகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் காற்று ஒத்துழைக்கவில்லை, அது அடங்கிப்போய் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. ஆக ஏப்ரலில் நீங்கள் சொல்வது நாலு சீட்டு பார்த்து வைத்த கேள்வி, செப்டம்பர் கடைசியில் சொல்வது ஆறு சீட்டும் வந்தபின். இரண்டையும் ஒரே எழுத்தளவில், ஒரே குரலில் சொல்வது சரியில்லை. நாங்கள் மதும்பி ஊன்றுவதும் செப்டம்பருக்கு அப்புறம்தான், நல்ல வேளையாகத் தெளிவு வரும் நேரமும் எங்கள் தேவையும் ஒன்றாக விழுகின்றன. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கடல் நடுவில் எங்கேயோ நீர் சூடாவதற்கும் எங்கள் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் எந்த அறிவிப்பிலும் இது இரண்டு வரி கூட வருவதில்லை. வழக்கமான வருடத்தில் பசிபிக்கின் வாணிபக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவித்துவைக்கிறது. அங்கே கடல்மட்டம் பெரு நாட்டுக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரமாகவே நிற்கும். பெரு கரையில் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். காற்று தளர்ந்தால் குவித்த சூட்டுநீர் கிழக்கே திரும்பிப் பரவுகிறது, அதோடு மழை மேகமும் நகர்கிறது, மேகம் நகர்ந்தால் உலகத்தின் காற்றோட்டம் முழுவதும் இடம் மாறுகிறது. தெற்கு ஆப்பிரிக்காவில் கோடை மழை கொடுப்பது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து நிற்கும் நீண்ட மேகப் பட்டைகள். எல் நினோ வருடத்தில் அந்தப் பட்டைகள் கிழக்கே நகர்ந்து மடகாஸ்கர் பக்கம் கடலில் கொட்டிவிடுகின்றன, நமக்கு மேலே வறண்ட காற்று இறங்குகிறது. 1982–83, 1991–92, 2015–16 எல்லாம் அப்படித்தான். 1997–98இல் என்ன ஆனது? அங்கோலாவின் மேல் உருவாகும் தாழ்வழுத்தம் மற்ற எல் நினோ வருடங்களைப் போல அந்தத் தடவை பலவீனமாகவில்லை, ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. பசிபிக் ஒரு பக்கம் இழுத்தது, அங்கோலா மறுபக்கம் இழுத்தது. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று.

எங்கள் கரை உள்நாட்டைப் போலவும் இல்லை. இங்கே பெருமழை பல சமயம் வெட்டுண்ட தாழ்வழுத்தத்தில்தான் வருகிறது, மேலைக் காற்றோட்டத்திலிருந்து பிய்ந்து வந்து ஒரே இடத்தில் நின்று கொட்டும் அது. அதற்கு எல் நினோ, லா நினா என்ற பேதம் அவ்வளவாகக் கிடையாது. அப்பா தகர மழைமானி வைத்து 1979இலிருந்து நோட்டு எழுதி வந்தார், பள்ளிக்கூட நோட்டு, இப்போது ஏழு சேர்ந்திருக்கிறது. 1987 செப்டம்பர் கடைசியில் ஒரு பக்கத்தில் அளவே எழுதாமல் "மானி நிரம்பி வழிந்தது" என்று மட்டும் இருக்கிறது. நேட்டால் மாகாணம் முழுக்க நூற்றுக்கணக்கானோர் செத்த வெள்ளம் அது. 1987 எல் நினோ வருடம்! 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு லேடிஸ்மித்தில் வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, அதுவும் எல் நினோ காலம்தான். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைச் சுற்றி நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது லா நினா. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் டோங்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை, நான் வாரம் இருமுறை கேன்களில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உலகம் சூடேறியதால் அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். ஆகவே "எல் நினோ வருடம், வெள்ளப் பயம் இல்லை" என்று எந்தக் கூட்டத்திலாவது யாராவது சொன்னால் தயவுசெய்து அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். ஆற்றோரம் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இந்தக் கடல் சுழற்சி எங்களுக்குப் புதுச் சங்கதி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஆயாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர், சென்னையில் கப்பலேறினார். "தாது வருசத்துப் பஞ்சத்துல வந்தோம்" என்று ஆயா சொல்வார், அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தாது வருடம் என்பது 1876. சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது, அடுத்த ஆண்டும் பொய்த்தது, லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தை நீட்டியதில் 1877–78இன் மிகப் பெரிய எல் நினோவுக்குப் பங்கு உண்டு என்று இன்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள், பட்டினி கிடந்த ஊரிலிருந்தே தானியத்தை ஏற்றுமதி செய்த அரசாங்கத்துக்கும் அதில் பங்குண்டு, அதை மறக்கக்கூடாது. 1899இல் பருவமழை மறுபடி தவறியபின், 1904இல் கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பருவமழையை முன்கூட்டியே சொல்ல வழி தேடி உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டு அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். கடலும் அந்தக் காற்றும் ஒரே ஊஞ்சல் என்று 1969இல் பியர்க்னெஸ் என்ற வானிலை ஆய்வாளர் சொல்லும்வரை முழுப்படம் கிடைக்கவில்லை. எங்கள் முன்னோர் பட்டினி கிடந்ததிலிருந்து பிறந்த அறிவு இது. அதனால்தான் இது எங்களிடம் அரைகுறையாக வந்து சேரும்போது எனக்கு ஆறவில்லை.

இன்னும் நீளமான சுழற்சிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். இங்கே பழைய விவசாயிகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு, ஒன்பது வருடம் ஈரம், ஒன்பது வருடம் வறட்சி என்று. அது வெறும் கதையில்லை, பீட்டர் டைசன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 1970களில் தென்னாப்பிரிக்கக் கோடை மழையில் ஏறத்தாழ பதினெட்டு வருட அலை ஒன்றைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நூறு வருடத்தில் அப்படிப்பட்ட சுற்று ஐந்துதான் அடங்கும். ஐந்து சுற்றைப் பார்த்து ஆறாவதற்குப் பணம் கட்டலாமா? வட பசிபிக்கின் பத்தாண்டு அலைவும் இதே மாதிரிதான், அலாஸ்காவில் சால்மன் மீன் கூடியதையும் குறைந்ததையும் வைத்து 1990களில் அடையாளம் கண்டார்கள், கருவி வைத்து அளந்த காலத்தில் அது இரண்டு மூன்று தடவைதான் திரும்பியிருக்கிறது. அட்லாண்டிக்கில் இருப்பதாகச் சொன்ன எழுபது வருட அலைவுக்குப் பெயர் வைத்த மைக்கேல் மான் என்பவரே பிறகு, அதில் பெரும்பகுதி எரிமலைத் தூசியும் ஆலைப் புகையும் உண்டாக்கிய தோற்றம் என்று வாதிட்டார். தான் வைத்த பெயரைத் தானே திருப்பி எடுப்பது சின்ன விஷயமா? எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. 2008இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர், அட்லாண்டிக் நீரோட்டம் தளர்வதால் அடுத்த பத்தாண்டுக்கு உலக வெப்பநிலை கூடாமல் நிற்கலாம் என்று எழுதினார்கள். 2014, 2015, 2016 மூன்றும் வரிசையாகச் சாதனை முறித்தன. அவர்கள் முயன்றதில் தப்பில்லை. ஆனால் இன்றும் எங்கள் பக்கத்தில் "எல்லாம் சுழற்சிதான், சூடு தானாக இறங்கிவிடும்" என்று சொல்பவர்கள் அந்த மாதிரிப் பழைய செய்தி ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள், அது பலிக்கவில்லை என்ற செய்தி அவர்களிடம் வந்து சேரவே இல்லை.

சூட்டைப் பற்றியும் நீங்கள் தெளிவாகப் பேசவேண்டும். எல் நினோ உலகத்தின் சராசரி வெப்பநிலையைக் கூட்டுவது 0.1, 0.2 டிகிரி அளவுக்குத்தான். கடல் பதுக்கிவைத்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது, அது சில மாதம் தாமதமாகத் தெரியும். அதனால்தான் 1998, 2016, 2024 என்று எல் நினோவின் இரண்டாம் வருடம் அதிகம் காய்கிறது. லா நினாவில் கடல் அதைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளும். ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடுவது இயற்கை, ஆனால் ஊஞ்சல் கட்டிய உத்தரமே மேலே போய்க்கொண்டிருக்கிறது, பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி. 2022 முழுக்க லா நினா, அப்படியிருந்தும் அது 1998இன் பெரிய எல் நினோ வருடத்தைவிடச் சூடானது. வெயில் காயும்போதெல்லாம் வானொலியில் "இது எல் நினோவின் வேலை" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பவன் எல் நினோ போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறான், வீட்டுக்கூரைக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுகிறான், நிழல் வலை வாங்குவதைத் தள்ளிப்போடுகிறான்.

நான் கேட்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் வானிலை அலுவலகம் வருடா வருடம் டிசம்பரில் அடுத்த ஆண்டு உலக வெப்பநிலை எவ்வளவு இருக்கும் என்று ஒரு வரம்போடு சொல்கிறது. 2023க்கு 1.08இலிருந்து 1.32 டிகிரிக்குள், நடுவில் 1.20 என்றார்கள், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டு. வந்தது 1.46, வரம்புக்கு வெளியே! மூன்று வருட லா நினாவில் கடல் சேர்த்துவைத்த வெப்பம், கப்பல் எரிபொருளில் கந்தகம் குறைந்ததால் மேகங்களில் வந்த மாற்றம் என்று காரணங்களை இன்னும் அலசுகிறார்கள். ஆனால் சொன்ன எண்ணும் வந்த எண்ணும் எல்லோரும் பார்க்க அங்கேயே இருக்கின்றன. 2024க்கு 1.34–1.58 என்றார்கள், வந்தது 1.53. தவறியதும் பலித்ததும் பக்கத்தில் பக்கத்தில். இதைப் பார்த்தபின் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடியது, குறையவில்லை. 1997இல் தவறியதை யாராவது 1998இல் அப்பாவிடம் வந்து, "நாங்கள் நூற்றுக்கு இத்தனை என்றோம், இந்தத் தடவை மறுபக்கம் விழுந்தது, காரணம் அங்கோலா" என்று சொல்லியிருந்தால் 2015இல் அவர் காது கொடுத்திருப்பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் மிதவைகள். பசிபிக்கின் நடுக்கோட்டில் எழுபது மிதவைகளை நிறுத்தி 1994இல் முடித்த வலைதான் இந்தக் கணிப்புகளுக்கெல்லாம் கண். 2012இல் அதைப் பராமரித்த கப்பலை நிறுத்தியதும் ஒன்றிரண்டு வருடத்தில் பாதிக்கும் மேல் தகவல் வராமல் போனது. ஆர்கோ மிதவைகள் நாலாயிரம் போல உலகக் கடல்களில் அலைகின்றன, பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழம் போய்த் திரும்பி வந்து வெப்பத்தைச் சொல்கின்றன. இந்தியப் பெருங்கடலில் நிறுத்திவைத்த மிதவைகள் பசிபிக்கைவிடப் பின்தங்கித்தான் வந்தன, எங்கள் மழையின் ஈரம் வருவதோ இந்தக் கடலிலிருந்து. ஜூன், ஜூலையில் மத்தி மீன் ஓட்டம் வரும்போது கரையில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள், குழந்தைகளுக்கெல்லாம் கையில் வாளி. தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்த தமிழ்க் குடும்பங்கள் டர்பனில் உண்டு. நீர் குளிர்ந்தால்தான் மத்தி கரையை ஒட்டி வரும், சூடாக இருந்தால் வெளியே ஆழத்தில் போய்விடும். கடலின் சூடு ஒரு டிகிரி மாறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதவைக்குப் பணம் கேட்டு நீங்கள் அரசாங்கத்திடம் போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம்.

கடன் தருபவர்களிடம் ஒன்று மட்டும். 45க்கு 55 என்று இருக்கும் ஒரு கணக்கை வைத்து ஒருவனுக்கு முழுக்கடனையும் மறுக்காதீர்கள். பாதி கொடுங்கள், வறட்சி தாங்கும் பயிருக்குக் கொடுங்கள், சொட்டுநீர்க் குழாய்க்குக் கொடுங்கள். வாய்ப்பு பாதிதான் என்றால் பணமும் பாதி போகட்டும்.

செப்டம்பர் கடைசி வாரத்தில், மதும்பி ஊன்றுவதற்கு முன்னால், வெருலத்தில் எங்கள் கோயில் மண்டபத்தை ஒரு மாலைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். வரைபடம் வேண்டாம், எண்களோடு வாருங்கள். எங்கள் கரைக்கு நீங்கள் இதுவரை சொன்னதையும் வந்ததையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. இருபது முப்பது பேர் வருவார்கள், சுலு பேசும் பக்கத்து விவசாயிகளும் வருவார்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. அப்பாவால் இப்போது அதிகம் நடக்க முடியாது, ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஏழு மழை நோட்டுகளையும் நான் எடுத்து வருகிறேன், வேண்டுமானால் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.